பழைய புஜபல வண்டியை வீட்டிற் பேணுதல்

ஒரு பொருளை ஆக்குதல் அரிது. ஆக்கியதைக் காத்தல் அதனினும் அரிது. புதிதாய் வாங்கிய மோட்டார் வண்டியை ஓட்டுதற்குப் பணமும் உரிமைச் சீட்டும் போதும். அறுபதாண்டு கடந்த வண்டியை ஓட்டுதற்கோ அவற்றோடு பொறுமையும், கைப்பழக்கமும், காரணம் தேடும் புத்தியும் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பலதிறத்து மக்கள் தம் வீட்டுக் கொட்டகைகளில், ஓய்வு நாட்களில், இத்தகைய வண்டிகளைத் தம் கையாலேயே பழுது பார்த்தும் திருத்தியும் ஓட்டி வருகின்றனர். அவ்வேலை எத்தன்மையது, அதில் முற்படச் செய்யத்தக்கது யாது, தொடாது விடத்தக்கது யாது என்பவற்றை ஒரே வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம். இயந்திர நூல் பயிலாதாரும் எளிதில் உணருமாறு எழுதுவதே நம் கருத்து.

வண்டியின் வரலாறு

அமெரிக்கர் 'மஸில் கார்' என்று வழங்குவதை நாம் 'புஜபல வண்டி' எனலாம். பெரிய வண்டிக்கு உரிய எஞ்சினை நடுத்தர உடலுள்ள வண்டியிற் பொருத்தி, இளைஞர் வாங்கத்தக்க விலைக்கு விற்பதே இதன் இலக்கணம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் அக்காலத்தில் ஒரு விதி இருந்தது. நடுத்தர வண்டிகளின் எஞ்சின் 330 கன அங்குலத்துக்கு மேற்படலாகாது என்பதே அது. அந்நிறுவனத்தின் ஒரு கிளையாகிய போன்டியாக்கின் தலைமைப் பொறியியலர் ஜான் டிலோரியனும் அவருடைய துணைவரும் இவ்விதிக்கு ஒரு வழி கண்டனர். 'டெம்பெஸ்ட் லெமான்ஸ்' என்னும் நடுத்தர வண்டிக்கு, வேண்டுவோர் கேட்டுப் பெறும் மேலதிக உறுப்பாக 389 கன அங்குல எஞ்சினை அவர் அமைத்தனர். இஃது ஏறக்குறைய 6.4 லிட்டர் கொள்ளளவுடையது. புதிய வண்டிக்கே விதி உண்டு, மேலதிக உறுப்புக்கு இல்லை என்பது அவர் கொண்ட நியாயம். இவ்வாறு 1964-ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்ததே 'ஜீ. டி. ஓ.' என்பது. அவ்வாண்டில் மட்டும் 32,450 வண்டிகள் விற்பனையாயின. பெயரின் மூன்றெழுத்து இத்தாலிய நாட்டு ஃபெராரி வண்டியினின்று எடுத்தது. அமெரிக்க இளைஞரோ எழுத்துக்களை மாற்றிப் படித்து, அதற்கு 'ஆடு' என்று செல்லப்பெயர் இட்டு விட்டனர்.

1966-ஆம் ஆண்டில் ஜீ. டி. ஓ. தனிவகை வண்டியாக உயர்ந்தது. அவ்வாண்டில் 96,946 விற்பனையாயின. அவ்வண்டி வரலாற்றில் அதுவே உச்சம். நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வதும் அந்த 1966-ஆம் ஆண்டு வண்டியையே. அதன் எஞ்சின் வலிமை 335 குதிரைத் திறன். மூன்று கார்புரேட்டர் பூட்டியதாயின் 360.

அப்பெருமை நெடுநாள் நிலைக்கவில்லை. இன்ஷ்யூரன்ஸ் கட்டணம் ஏறிற்று. 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகையைக் கட்டுப்படுத்திற்று. 1973-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தொடங்கிய எண்ணெய்த் தடை பெட்ரோலை அருமைப்படுத்திற்று. அப்பழைய வரிசை ஜீ. டி. ஓ. 1974-ஆம் ஆண்டோடு முடிந்தது. 2010-ஆம் ஆண்டில் போன்டியாக் என்னும் வண்டிப் பெயரே வழக்கொழிந்தது. ஆகவே இது தாய்வீடு இழந்த வண்டி. உதிரி உறுப்புக்கள் பலவற்றைப் பிறர் புதிதாய்ச் செய்து விற்கின்றனராயினும், வண்டியைப் பேணும் பொறுப்பு உடையவனையே சாரும்.

வேலைக்கு முன்

முதற்கண் வேண்டுவது தொழிற்சாலையார் அச்சிட்ட பழுதுபார்க்கும் நூல். வண்டியின் அளவைகள் யாவும் அதில் உள. இரண்டாவது, ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் படம் பிடித்து, கழற்றிய ஆணிகளைச் சீட்டெழுதிய தனித்தனிப் பைகளில் இடுதல். கழற்றும் நாளில் நினைவில் நிற்கும் என்று தோன்றுவது, பூட்டும் நாளில் நிற்பதில்லை.

உயிர்க்காப்பு விதிகள் சிலவும் உண்டு. வண்டியை ஜாக்கியால் தூக்கினமட்டில் அதன் கீழ் ஒருபோதும் நுழையலாகாது. உறுதியான இரும்புத் தாங்கிகளை நிறுத்திய பின்னரே நுழையவேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. மின்வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றவேண்டும். பழைய பிரேக்குக் கட்டைகளிற் கல்நார் கலந்திருத்தல் பெரும்பான்மை. அத்தூசியைக் காற்றால் ஊதுதல் நுரையீரலுக்குக் கேடாதலின், ஈரத்துணியால் துடைத்தெடுத்தலே முறை.

நிறுத்தும் கருவியே முதற் கருவி

இனித் திருத்தங்களின் வரிசையை ஆராய்வாம். பழைய வண்டி கைக்கு வந்ததும் இளைஞர் பலரும் எஞ்சினின் வலிமையைப் பெருக்கவே விரும்புவர். இஃது இயல்பேயாயினும் முறையன்று. தேரை இழுக்க ஆயிரம் கைகள் உள. ஆயினும் முட்டுக்கட்டை இடுவோன் இல்லையேல் அத்தேரை நிலையினின்று பெயர்க்க ஊரார் ஒருப்படார். அதுபோலவே, எந்த வண்டியும் நிறுத்தவல்ல அளவுக்கே ஓடத்தக்கது.

1966-ஆம் ஆண்டு ஜீ. டி. ஓ. வண்டியின் நான்கு சக்கரங்களிலும் 9.5 அங்குல விட்டமுள்ள டிரம் பிரேக்குகளே இருந்தன. வண்டியின் எடை ஏறத்தாழ 1,600 கிலோகிராம். அது மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுங்கால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 5,70,000 ஜூல் ஆகும். வண்டி நிற்கும்போது இவ்வாற்றல் பெரும்பாலும் பிரேக்குகளில் வெப்பமாக மாறவேண்டும். அவ்வெப்பம் சுமார் 1.8 லிட்டர் தண்ணீரைச் சாதாரண நிலையினின்று கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதியது. வேகம் இருமடங்காயின் ஆற்றல் நான்கு மடங்காகும். ஒருமுறை நிறுத்துதல் எளிது; மலைச்சரிவில் அடுத்தடுத்துப் பிரேக்கை மிதித்தால் டிரம் சூடேறி விரிந்து கட்டையினின்று விலகும்; கட்டையின் உராய்வும் குறையும்; மிதி தாழ்ந்துகொண்டே போகும்; வண்டி நில்லாது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அவ்வாண்டு வண்டியில் பிரேக்கு எண்ணெயைத் தள்ளும் தலைமைச் சிலிண்டர் ஒரே அறையுடையது. எங்கேனும் ஒரு குழாய் துருப்பிடித்து வெடிக்குமாயின் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒருங்கே அற்றுப்போம். 1967-ஆம் ஆண்டு மாதிரி முதல் இரண்டு அறைகள் அமைந்தன. ஒன்று கெட்டாலும் மற்றொன்று இரு சக்கரங்களையேனும் பிடிக்கும். ஆதலின் 1966-ஆம் ஆண்டு வண்டி உடையவன் செய்யத்தக்க முதல் திருத்தம், ஈரறைச் சிலிண்டர் பூட்டி இரும்புக் குழாய்களையும் ரப்பர்க் குழாய்களையும் புதுப்பித்தலே. இரண்டாவது, முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கு அமைத்தல். வெப்பத்தை வெளிக்காற்றில் விரைந்து விடுதலின் டிஸ்க் எளிதிற் சோர்வதில்லை.

ஆயினும் இதிலும் நுட்பம் உண்டு. டிரம் பிரேக்குக்குரிய சிலிண்டரில், குழாயிற் சிறிது அழுத்தம் எப்போதும் தங்குமாறு ஒரு வால்வு இருக்கும். அதையே டிஸ்க் பிரேக்குக்கும் விட்டுவைத்தால் சக்கரம் இடைவிடாது உராய்ந்து சூடேறும். முன்னும் பின்னும் அழுத்தத்தைப் பகிரும் வால்வும் வேண்டும். இல்லையேல் பின் சக்கரங்கள் முந்திச் சிக்கி வண்டி சுழலும். சக்கரத்தினுள் டிஸ்க் அடங்குமோ என்பதை வாங்குமுன் அளந்தறிதலும் வேண்டும். பிரேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழ்தலின், இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுதல் நலம்.

காப்பு வாரும் இவ்வினத்தையே சேரும். இவ்வண்டியில் இடுப்பு வார் மட்டுமே உண்டு. அமெரிக்காவில் முன் இருக்கைகளுக்குத் தோள்வாரும் வேண்டும் என்னும் விதி 1968-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில்தான் வந்தது. மோதலில் உள்மடங்கி மார்பைக் காக்கும் ஸ்டியரிங் தண்டும் 1967-ஆம் ஆண்டு மாதிரியிலேயே அமைந்தது. மூன்றிடத்திற் பிணைக்கும் வாரினை உரிய முறையிற் பூட்டுதல் எளிய செலவில் உயிர் காக்கும் திருத்தம்.

எஞ்சின் நலம்

இனி எஞ்சினைக் காண்போம். வண்டி மாறாதிருப்பினும் அது குடிக்கும் பெட்ரோலும் எண்ணெயும் மாறிவிட்டன. பழைய எஞ்சினுக்கு வரும் நோய்கள் பல இதனாலேயே.

அக்காலப் பெட்ரோலில் ஈயச் சேர்க்கை இருந்தது. அஃது இருவகைத் தொண்டு செய்தது: பெட்ரோல் உரிய காலத்துக்குமுன் வெடித்தலைத் தடுத்தது; வெளிப்போக்கு வால்வும் அதன் இருக்கையும் ஒன்றோடொன்று ஒட்டித் தேயாமற் காத்தது. ஈயம் மனிதர்க்கு, விசேஷமாய்க் குழந்தைகளின் மூளைக்கு, நஞ்சாதலின் அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு முதல் சாலை வண்டிகளுக்கு அது விலக்கப்பட்டது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் ஒழிந்தது. இஃது உலகுக்குப் பெருநன்மையே. பழைய எஞ்சினை மீளக் கட்டும்போது கடினமான இரும்பாலான வால்வு இருக்கைகளை அமைத்தால் ஈயமின்மையால் வரும் தேய்வு நீங்கும்.

முன்வெடிப்பு நீங்குதல் அவ்வளவு எளிதன்று. இவ்வெஞ்சின் கலவையை 10.75-க்கு 1 என்னும் விகிதத்தில் அழுத்துவது. இக்காலத்து உயர்தரப் பெட்ரோலும் சிலபோது அதற்குப் போதாது. மேடேறும்போது உள்ளே சிறு சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். அவ்வோசையைப் பொருட்படுத்தாது ஓட்டினால் பிஸ்டன் உடையும். பொறி எழும் நேரத்தைச் சிறிது தாழ்த்துதலும், எஞ்சினைக் குளிர்ச்சியாக வைத்தலும், மீளக் கட்டுங்கால் அழுத்த விகிதத்தைக் குறைத்தலும் இதற்கு மருந்து.

அமெரிக்கப் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை எதனால் என்னும் சாராயச் சத்துக் கலந்திருத்தல் இப்போது வழக்கம். பழைய ரப்பர்க் குழாய்கள் இதனால் ஊறி வெடிக்கும். சூடான எஞ்சின்மேற் பெட்ரோல் கசிதல் தீயை அழைத்தலாகும். ஆகவே எதனாலைத் தாங்கும் புதுக் குழாய்களை முன்னரே மாற்றிவிடுதல் அவசியம்.

எண்ணெயின் செய்தி வேறு. இவ்வெஞ்சினின் கேம் தண்டு, தட்டையான அடியுள்ள டாப்பெட்டுகளின்மேல் உரசிச் சுழல்வது. அவ்விடத்துத் தேய்வைத் தடுப்பது எண்ணெயிற் கலந்த துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு மருந்து. பாஸ்பரஸோ இக்கால வண்டிகளின் புகை தூய்மைக் கருவியைக் கெடுப்பது. அதனால் 2004-ஆம் ஆண்டில் வந்த எண்ணெய்த் தரம் மெல்லிய வகைகளில் அதனை நூற்றுக்கு 0.08 பங்குக்குள் அடக்கிற்று. புது வண்டிக்கு அமிர்தமாகிய எண்ணெய் பழைய வண்டிக்குப் போதாமற் போவது இவ்வாறே. பழைய எஞ்சினுக்கென்றே துத்தநாகம் மிகுத்துச் செய்த எண்ணெயை வாங்கி இடுதல் வேண்டும். புதுக் கேம் தண்டு பூட்டிய முதல் இருபது நிமிஷத்தில் இது மிகமிக முக்கியம்.

அக்காலத்துப் போன்டியாக் எஞ்சின்களுக்கே உரிய நோய் ஒன்று உண்டு. கேம் தண்டைச் சுழற்றும் சங்கிலிச் சக்கரத்தின் பற்கள், ஓசை குறையும் பொருட்டு நைலானால் ஆக்கப்பட்டிருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல வெப்பத்தால் நைலான் வெடித்துத் துண்டு துண்டாக உதிரும். உதிர்ந்த துண்டுகள் எண்ணெய்த் தொட்டியில் வீழ்ந்து உறிஞ்சுகுழலின் வலையை அடைக்கும், எண்ணெய் ஏறாது, எஞ்சின் அழியும். இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் முன்புறத்துப் பெரிய ஆணியிற் சாவியிட்டுக் கிராங்குத் தண்டைக் கையால் ஒரு பக்கமும் பின் மறுபக்கமும் மெல்லத் திருப்புக. தண்டு பல பாகை திரும்பிய பின்னரே உள்ளிருக்கும் ரோட்டர் அசையுமாயின் சங்கிலி தளர்ந்தது என்க. இரும்புப் பற்சக்கரம் மாற்றி, தொட்டியையும் இறக்கிக் கழுவுதல் வேண்டும். சிறு செலவு பெருநஷ்டத்தைத் தடுக்கும் இடம் இது.

பொறி எழுப்பும் கருவி

பழைய வண்டியில் மின்பொறியைத் தூண்டுவது ஒரு சிறு ஜோடித் தொடுமுனை. அது திறக்குந்தோறும் ஒரு பொறி எழும். எட்டுச் சிலிண்டர் உடைமையால், டிஸ்ட்ரிபியூட்டர் 45 பாகை திரும்பும் ஒவ்வொரு பகுதியிலும் தொடுமுனை சுமார் 30 பாகை மூடியிருத்தல் வேண்டும். முனை தேயத் தேய இவ்வளவு மாறும், பொறியும் தளரும். இவ்வண்டியின் மூடியில் ஒரு சிறு ஜன்னல் உண்டு. எஞ்சின் ஓடும்போதே அதன்வழி ஆறுபட்டைச் சாவியை நுழைத்து அளவைச் சரிப்படுத்தலாம். அமைத்தோரின் மதிநுட்பத்துக்கு இஃதொரு சான்று.

தேய்வில்லாத மின்னணுக் கருவியைத் தொடுமுனைக்கு மாற்றாக அம்மூடிக்குள்ளேயே மறைத்துப் பூட்டலாம். ஆயின், தொடுமுனை விரைவிற் கரியாதிருத்தற்பொருட்டு மின்னழுத்தத்தைக் குறைக்கும் தடைக்கம்பி ஒன்று பழைய இணைப்பில் உண்டு. அக்கம்பிவழியே புதுக்கருவிக்கு மின்சாரம் அளித்தால் அது செவ்வனே வேலை செய்யாது. முழுப் பன்னிரண்டு வோல்ட்டு அளித்தல் வேண்டும். கருவி குற்றமுடையது என்று பலர் திருப்பியனுப்புவதற்குக் காரணம் இவ்வொரு கம்பியே.

கேம் தண்டை மாற்றி வலிமை பெருக்க விரும்புவோர் மற்றொன்றையும் எண்ணவேண்டும். மிகு வேகத்துக்கென அமைந்த கேம் தண்டு, எஞ்சின் மெல்ல ஓடும்போது உட்குழாயின் வெற்றிடத்தைக் குறைக்கும். பிரேக்கு மிதிக்குத் துணை செய்யும் கருவியோ அவ்வெற்றிடத்தாலேயே இயங்குவது. எஞ்சினுக்குச் செய்த உபகாரம் பிரேக்குக்கு அபகாரமாய் முடியும். ஓர் உறுப்பை மாற்றுவோன் மற்றை உறுப்புக்களையும் உசாவாது மாற்றலாகாது.

நெடுவழி செல்வார்க்குப் பயனுள்ள திருத்தம் ஐந்து கியர்ப் பெட்டி. 3.55 விகிதமுள்ள பின்னச்சும் 26 அங்குலச் சக்கரமும் உடைய வண்டி மணிக்கு 96 கிலோமீட்டர் செல்லுங்கால், பழைய நான்காம் கியரில் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 2,750 சுற்றுச் சுழலும். 0.68 விகிதமுள்ள ஐந்தாம் கியரில் சுமார் 1,870 சுற்றே போதும். ஓசையும் தேய்வும் குறையும், எண்ணெயும் மிஞ்சும். ரேடியல் டயரும் இத்தகையதே. ஆயினும் பழைய டயருக்கென வகுத்த சக்கரக் கோணங்களை அதற்கேற்பத் திருத்தல் வேண்டும்.

துருவும் உண்மையும்

பழைய வண்டியின் பெரும்பகை துரு. எஞ்சினை மாற்றலாம், அரித்த உடலைத் திருத்துதல் அரிது. பின்பெட்டியின் அடித்தளம், பின் கண்ணாடியின் கீழ்விளிம்பு, சக்கர மறைப்பின் அடி, உடலைச் சட்டத்தோடு பிணைக்கும் இடங்கள் ஆகிய இவற்றில் ஈரம் தங்கித் துரு வளரும். துருவை மறைத்துப் பசை பூசி வர்ணமடித்து விற்பாரும் உளர். மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தத்தை உடலின்மேல் நகர்த்திக்கொண்டே சென்றால், இரும்புள்ள இடத்தில் ஒட்டும். பசையுள்ள இடத்தில் நழுவும். வர்ணம் பொய் சொன்னாலும் காந்தம் பொய் சொல்லாது.

வாங்குமுன் வண்டியின் எண்ணையும் காணவேண்டும். 1966-ஆம் ஆண்டு ஜீ. டி. ஓ. வண்டியின் எண் 242 என்று தொடங்கும். 1964, 1965-ஆம் ஆண்டு வண்டிகளில் அவ்வடையாளம் இன்மையால், சாதாரண லெமான்ஸ் வண்டியை ஜீ. டி. ஓ. என்று மாற்றி விற்றல் எளிது. தொழிற்சாலைப் பதிவின் நகலே அவற்றுக்குச் சான்று.

இது நிற்க. பழைய வண்டியைத் திருத்துதலே தகுமோ, உள்ளவாறே வைத்தலன்றோ மேன்மை என்று வினவுவாரும் உளர். வேறு நிறுவனத்து வண்டியாயினும் ஒரு செய்தியை ஈண்டுக் கூறுவாம். 1968-ஆம் ஆண்டில் வெளிவந்த 'புல்லிட்' என்னும் திரைப்படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய ஃபோர்டு மஸ்டாங் வண்டி, 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் ஃபிளாரிடா மாகாணத்தில் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. கட்டணங்கள் இதற்குப் புறம்பு. அவ்வண்டியின் வர்ணம் மங்கியும் உடல் வடுப்பட்டும் இருந்தன. அவ்வடுக்களே அதன் உண்மைக்குச் சாட்சியாயின. வரலாறு தங்கிய வண்டியிற் கைவைத்தல் ஏட்டுச்சுவடியின் எழுத்தைத் திருத்துதலை ஒக்கும்.

எல்லா வண்டியும் அத்தகையதன்று. நாள்தோறும் பிள்ளைகுட்டிகளோடு சாலையில் ஓடும் வண்டிக்கு உண்மையினும் உயிர்க்காப்பே பெரிது. இவ்விரண்டையும் பொருத்தும் ஒரு நெறி உண்டு. எதனையும் வெட்டாமலும் துளையிடாமலும், ஆணியாற் பூட்டத்தக்க திருத்தங்களையே செய்க. கழற்றிய பழைய உறுப்புக்களை எண்ணெய் பூசிச் சீட்டெழுதிப் பரணில் வைக்க. பின்னொரு நாளில் வண்டியைப் பெறுவோன் விரும்பினால் ஆதிநிலைக்கு மீட்கலாம். உடையவன் சில காலமே அதன் காவலன். அவனுக்குப் பின்னும் வண்டி இருக்கும்.

மாணவ நண்பர்காள்! இவ்வண்டி நம் கைக்கு வருதல் அருமை. ஆயினும் அதனைப் பேணும் முறையில் நமக்குப் பாடம் உண்டு. ஓசை கேட்டவுடன் உறுப்பை மாற்றுதல் வேலைக்காரன் செயல். ஓசைக்குக் காரணம் தேடுதல் அறிவுடையோன் செயல். வலிமையைப் பெருக்குமுன் அதனை அடக்கும் ஆற்றலைப் பெருக்குக. புதிதைப் பூட்டுமுன் பழையது ஏன் அவ்வாறு அமைந்தது என்று உசாவுக. வீட்டிலுள்ள தையல் யந்திரமாயினும், மிதிவண்டியாயினும், தண்ணீர் இறைக்கும் பம்பாயினும் அடுத்த முறை பழுதுபடும்போது, அதனைத் தூக்கியெறியுமுன் ஒரு திருகாணியையேனும் நம் கையாற் கழற்றிப் பார்ப்போமாக.